திறக்காத கதவும் ஸ்டெல்லாக்காவும்

கம்பெனி பஸ் தண்டலம் தாண்டும்போது போன் வந்தது. "உங்க அக்கா போய்ட்டாம்மா," என்றார் ஸ்டெல்லாக்காவின் கணவர். அழுகையை அடக்கிக்கொண்டு, "செல்வத்துக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அக்காவோடு பிரஸ் லைனில் நின்றவர்களுக்கும் மாதா கோவிலில் முழங்காலிட்டவர்களுக்கும் செல்வத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் எங்கள் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அவசர ஆர்டர் ஒன்றை முடிக்க, லைன் லீடரான அக்கா ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்தார். தூத்துக்குடியிலிருந்து வந்து ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த செல்வத்தின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. பதற்றத்தில் அக்கா டேப்பைப் பிய்த்து ஒளித்துவிட்டார். "பட்டன்ல டேப் இருந்துச்சு" என்று செல்வம் சொன்னதை யாரும் நம்பவில்லை. பொய் சொல்கிறான், வேலையை விட்டுத் தூக்கிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அக்கா வாயே திறக்கவில்லை. வேறு ஷிப்டில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது.

அது ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டில் தங்கும். அன்று என் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு நான்தான் தூக்கிப் போனேன். வீட்டுக்காரி வாசலில் நின்று வாங்கிக்கொள்வது வழக்கம். தெருவே பாடிக்கொண்டு நிற்கிறது, அக்கா கையை நீட்டவில்லை. பாட்டு நின்றுபோனது. எனக்குத் தோள் கடுத்தது, கோபமும் வந்தது. "இன்னாக்கா, வாங்கு," என்று பல்லைக் கடித்தேன்.

"இந்த மாதா சிலுவையாண்ட நின்னாங்கடி. புள்ள சாவறத பாத்துகினே நின்னாங்க, ஓடல. நான் ஒரு புள்ளைய பொய்க்காரனாக்கிட்டு வூட்ல ஒளிஞ்சிகினு கீறேன். எந்தக் கையால வாங்குவேன்?"

"வேல போய்டும், வாய மூடு!" என்று கணவர் கத்தினார். "போவட்டும்," என்று அத்தனை பேர் முன்னாலும் டேப் விஷயத்தைச் சொல்லிவிட்டார் அக்கா. மறுநாள் காலை மேனேஜரிடமும் சொன்னார். செல்வத்துக்கு வேலை நிலைத்தது, அக்காவுக்குப் போனது.

பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் செல்வத்தின் ரூம் வாசலில் போய் நிற்பார். அவன் கதவைத் திறக்கமாட்டான். ஒருமுறை திறந்து, "ஒங்க மாதா என் வெரல திருப்பித் தருவாளா? போங்க!" என்று கத்தினான். "தரமாட்டாங்கப்பா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அடுத்த ஞாயிறும் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு, சாமியாரும் மன்னிப்பு குடுத்தாச்சு. இன்னும் இன்னாக்கா உனக்கு?"

"ஆண்டவர் மன்னிச்சாரு. இவன் மன்னிச்சே ஆவணும்னு நான் கேக்க முடியுமா? நிக்கறதுதான் என் வேல. என்னிக்காச்சும் தொறப்பான், பாரு."

நோயில் படுக்கும்வரை நின்றார். கதவு மறுபடி திறக்கவில்லை.

அடக்கத்தன்று பெட்டியை மூடப்போகும் நேரம், ஷேர் ஆட்டோவிலிருந்து செல்வம் இறங்கினான். ஏதாவது கலாட்டா செய்துவிடுவானோ என்று எழுந்து வாசலுக்குப் போனேன். வாசலோடு நின்றுவிட்டான்.

"உள்ள வாப்பா," என்றார் அக்காவின் கணவர்.

"இருக்கட்டும்ணே. எத்தன ஞாயித்துக்கெழம என் வாசல்ல நின்னாங்க. நான் கொஞ்ச நேரம் இங்கன நிக்கேன்."

பெட்டியைத் தூக்கும்போது விரல் போன கையைத்தான் கொடுத்தான்.

பதில் வராத வாசலிலும் நிற்கலாம் என்ற தைரியத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன் அக்கா. அவன் வந்துவிட்டான். நீ பார்க்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.