சாமிக்குச் சம்பந்தமில்லாத பூ

கணபதி பகுதியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். டைபாய்டு, டெங்கு, எலிக்காய்ச்சல். எல்லாம் ஓரளவு சொன்ன பேச்சுக் கேட்கிற ரகம்.

போன மாசம் வடக்கே ஒரு நகரத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. மருந்தே கண்டுபிடிக்காத கிருமிகளை ஆராயும் கூடம். காற்றுக்குழாய் மாட்டிய உடைக்குள் நின்றுகொண்டு, அடுத்தடுத்துப் பூட்டிய கதவுகளுக்கு உள்ளே வேலை. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இப்படியொரு அழைப்பு மறுபடி வராது. கையுறையில் ஒரு ஊசி ஏறினால் மறுபடி எதுவுமே வராது. இரண்டும் எனக்குத் தெரியும்.

கூடவே வீட்டார் கையெழுத்துப் போட ஒரு படிவம். என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தாள். விபத்து நடந்தால் வளாகத்துக்குள்ளேயே தனிமை. இறந்துபோனால் உடல் வீட்டுக்கு வராது, அங்கேயே எரித்துவிடுவார்கள்.

"சாம்பலாவது குடுப்பாங்களாமா?"

"அது போடலையே."

"போடலைன்னா இல்லைன்னுதானுங்க அர்த்தம்." படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போட்டு அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

எங்கள் பக்கம் கல்யாணம் பேசுவதிலிருந்து தோட்டத்தில் போர்வெல் போடுவது வரை பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். நண்பர்களிடம் என்னைப் பகுத்தறிவாளன் என்று சொல்லிக்கொள்கிறவன்தான் நான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையைக் கழற்றிவிட்டு, சத்தியமங்கலம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் சிவப்பு வரவேண்டும் என்று மனதாரக் கும்பிட்டேன். சாமியே தடுத்துவிட்டால் என்னைக் கோழை என்று யார் சொல்வார்கள்?

கோயில் ஆலமரம் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கின. நான் போகவிருந்த இடத்தில் இவற்றின் எச்சிலிலும் எச்சத்திலும் வரும் கிருமியைத்தான் உறையவைத்துப் பூட்டியிருப்பார்கள். தாம்பாளத்தில் மேலேயிருந்து சொட்டியிருந்த எதையோ பூசாரி துண்டால் துடைத்துவிட்டு, அதிலேயே பொட்டலங்களை வைத்தார்.

"எடுங்க."

எடுத்தேன். பிரித்தால் வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சுங்க" என்றார் பூசாரி.

பரிசோதனைக் கூடத்தில் எந்த முடிவையும் மறுசோதனை செய்யாமல் நான் வெளியே கொடுப்பதில்லை. கை தானாக நீண்டு இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துவிட்டது. கோயிலில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அதிலும் வெள்ளை.

பூசாரி என் மனைவியைப் பார்த்தார்.

"நாந்தானுங்க ரெண்டுலயும் வெள்ளையே வெக்கச் சொன்னேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சிவப்பு வந்திருந்தா, சாமியும் நானுஞ் சேந்து கெடுத்துப்போட்டோம்னு காலம்பூரா என்னையத்தானுங்க குத்திக் காட்டுவீங்க. போகோணும்னா போங்க. பயமா இருந்தா, பயமா இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க."

"சாமிக்கு இதுல சம்பந்தம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பூசாரி தாம்பாளத்தோடு உள்ளே போய்விட்டார்.

பயமாக இருக்கிறது என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். திரும்பும் வழியில் கார் புளியம்பட்டியை நெருங்கும் வரை அதற்காக அவள் காத்திருந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"போறேன்" என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்தாள். படிவத்தை எடுத்து, மடியில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். வண்டி குலுங்கியதில் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

"கோயில்ல அந்தத் தாம்பாளத்துப் பொட்டலத்தைத் தொட்டதுல இருந்து எண்ணிட்டு வாரேனுங்க. மூக்கை நாலு தரம் தொட்டுப்போட்டீங்க. கண்ணை ஆறு தரம்."

இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். அன்னூர் வரை பிடித்திருந்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் என் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.