மூச்சு நின்றபோது நகர்ந்த மணிகள்

கள்ளக்குறிச்சியில் நான் இதய வார்டில் நர்ஸாக இருந்தபோது, ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் மனைவியின் கட்டிலருகே மூன்று நாட்களாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, கஞ்சி போட்ட சட்டை, கையில் தஸ்பீஹ் மணிமாலை. மதியம் அந்த அம்மா கண்ணயர்ந்தால் மணிகள் நகரும், சட்டென்று நிற்கும், மறுபடி நகரும்.

"ஓதிக்கினு இருக்கீங்களா, பாய்?" என்று கேட்டேன்.

"ஓதுறதுக்கு வேற நேரம் இருக்குது, சிஸ்டர். அவ மூச்சு நின்னா மணிய தள்ளுவேன், வந்தா நிறுத்திடுவேன். நேத்து ஒரு தடவ நின்னா பன்னெண்டு மணி தள்ளுனேன், இன்னிக்கு பதினாறு. ஜாஸ்தி ஆயிக்கினே போவுது. நீங்க இன்னான்னா கொறட்டைன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

எழுதியது நான்தான். கோபத்தோடுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அம்மாவின் மூச்சு மெல்ல ஏறியது, இறங்கியது, அடங்கியே போனது. மணிகள் நகர்ந்தன. பதினாறாவது மணியில் திணறி மூச்சை இழுத்தார்.

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். இதயம் பலவீனமானால் தூக்கத்தில் மூச்சு இப்படித் தடுமாறும் என்றார் அவர். ஆக்ஸிஜன் வைத்து, உடம்பில் தேங்கிய நீர் இறங்க மருந்தைக் கூட்டினார்.

நான்கு நாள் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னோம். பாய் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னும் மூச்சு நின்னா நாலு மணி தள்ள வேண்டியிருக்குதே, அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

இன்றும் யாராவது தூக்கத்தில் மூச்சு தடுமாறினால், என் கட்டைவிரல் வெறும் விரல்மேல் மணி தள்ளத் தொடங்கிவிடுகிறது.