சாவு வீட்டில் இரண்டு பாட்டு

இசை வகுப்பில் ‘கவுண்டர்பாயிண்ட்’ என்ற சொல்லுக்கு ஆசிரியர் நெடுநேரம் விளக்கம் சொன்னார். இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் தத்தம் வழியில் போகுமாம். ஒன்றுக்கொன்று எதிராகவும் நிற்குமாம், துணையாகவும் நிற்குமாம். எனக்குச் சொல்தான் புதிது. சங்கதியைப் பாவாடை வயதிலேயே, எங்கள் ஊர் உக்குவளையில், தாத்தாவின் சாவு வீட்டில் கேட்டுவிட்டேன். கேட்டு நடுங்கியும் போனேன்.

அப்பாவின் அப்பா அவர். எங்கள் வீட்டில்தான் படுக்கையில் விழுந்து கிடந்து, போய்ச் சேர்ந்தார். நாவுலயில் கட்டிக்கொடுத்த அத்தைக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் போன் போனது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அத்தை, அம்மாவின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. இனி அவள் இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். உலகத்தில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் அம்மாவும் அத்தையும்தான்.

எங்கள் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது, ஒருத்தி முடிக்கட்டும் என்று இன்னொருத்தி காத்திருக்கமாட்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பாட்டு. முகம் பார்க்காத இருவரும் தோளோடு தோள் சேர்ந்ததே எனக்குத் திகைப்பு. அத்தை தொடங்கினாள்.

“நாவுல தூரமா, என்னப் பெத்த அப்பா... ஒரு போன் போட ஆளில்லையா, என்னப் பெத்த அப்பா...”

அவள் மூச்சு வாங்குவதற்குள் அம்மாவின் குரல் அடியிலிருந்து ஏறியது.

“கஞ்சி ஊட்டுன கையிக்கு, என்ன ஆண்ட மாமா... பழியத்தான் தந்தீங்களே, என்ன ஆண்ட மாமா...”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முற்றத்தில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா! அம்மாவும் அத்தையும் சண்ட போடுறாங்க, தாத்தா தலமாட்டுலயே!”

“சண்டயில்ல, அழுறாங்க. நீ போய் உக்காரு.”

உள்ளேயும் யாரும் திகைக்கவில்லை. ஒரு வார்த்தையும் புரியாத பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ட்டிதான் எல்லோரையும்விட அதிகமாக அழுதார். அப்போது அம்மா பாடினாள்:

“மக பதறுவா, சொல்லாதன்னு... என் வாய அடச்சுப் போனீங்களே, என்ன ஆண்ட மாமா...”

அத்தை பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் குற்றம் சொல்லும் வரிகள் நின்றுபோயின. ‘என்னப் பெத்த அப்பா’ மட்டும் அம்மாவின் குரலுக்குக் கீழே திரும்பத் திரும்ப வந்தது. பிறகு தன் முந்தானையால் அம்மாவின் மூக்கைத் துடைத்துவிட்டாள். சற்று நேரத்தில் இருவரும் ஒரே கிளாஸில் பாலில்லாத பிளேன்டீயை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். இதற்கா அப்படிப் பயந்தோம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அத்தை வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாள், நெஞ்சுவலி வந்து திடீரென்று போய்ச் சேரும்வரை. நாவுல வீட்டில் அவள் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் தம் பாட்டில் அழுதுகொண்டிருக்க, அம்மா மட்டும் ஒரு வரி பாடுவாள், நிறுத்துவாள். நெடுநேரம் கழித்தே அடுத்த வரி. அம்மாவுக்குப் பாட்டு மறந்துவிட்டது, எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்று நான் பதறிப்போய், “அடுத்தது பாடும்மா” என்று அவள் காதில் சொன்னேன்.

அது அத்தை பாடுகிற இடம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.