சக்கரத்தின் மேல் கட்டிய விமானம்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். கீழே கடை அப்பாவுடையது, மேலே சென்டர் மகனுடையது. மகன் கொஞ்ச காலம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர். அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அப்பா மகனுக்கு அத்தா, ஊருக்கு பாய். அவருக்கு மாடி குடோனுக்கு வேண்டும். அண்டாக்கள் ஏற்கெனவே படிக்கட்டில் பாதி தூரம் ஏறி வந்திருந்தன. அவை மேலே வந்துவிட்டால் என் வேலை போய்விடும்.

ஆட்கள் சேரட்டும் என்று சென்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் போட்டிருந்தோம். அதில் இருந்த விமானங்கள் போதாதென்று நானே ஒன்று செய்தேன். யாரும் கேட்கவில்லை. பழைய மாடலிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மூலையின் அளவையும் எண்ணாகத் தட்டிப் பல மாதம் செய்தது. சோப்புப் பெட்டிக்கு இறக்கை ஒட்டியது போல இருக்கும். ஆனால் தரையை விட்டுக் கிளம்பியதும் ஜி எழுத்தைத் தட்டினால் சக்கரங்கள் மடங்கி வயிற்றுக்குள் போகும். அதை மடங்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மாடியை என்ன செய்வது என்று முடிவெடுக்க பாய் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மகனுக்குப் புத்தி கெட்டது. சிங்கப்பூர் நண்பர் அனுப்பிய புது சாஃப்ட்வேரில் விமானத்தை மறுபடி செய்யச் சொன்னார். நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும் என்று சண்டை போட்டேன்.

"டீச்சர், இதுல உடம்பு பளபளன்னு வரும். அத்தா பாத்தாருன்னா அசந்துருவாரு" என்றார்.

சம்பளம் கொடுப்பவர். மாறினேன்.

சட்டை மாற்றுவது போலத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். பழைய விமானத்தைப் புதியதில் திறந்தால் உடம்பு, இறக்கை, சக்கரம் எல்லாம் பிசைந்து வைத்த மாவு போல ஒரே கட்டியாக வந்தது. பிரித்து மறுபடி அடுக்கினேன். புதியதில் ஒரு பாகத்தை இன்னொரு பாகத்தோடு கோக்க வேண்டும். முதலாவது அசைந்தால் அதில் கோத்ததெல்லாம் கூடவே அசையும். எதை எதில் கோப்பது என்று சொல்ல ஒரு புத்தகம்கூட இல்லை. அந்த மகராசன் வெறும் சிடியை அனுப்பியிருந்தான். நான் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். நான் பார்த்த தேரும் மாட்டுவண்டியும் அப்படித்தான், கீழே சக்கரம், அதன் மேல் மற்றதெல்லாம். முன்சக்கரக் காலில் உடம்பைக் கோத்தேன், உடம்பில் மீதியைக் கோத்தேன். நின்ற நிலையில் ஒரு குறையும் தெரியவில்லை. கடைசிவரை பளபளப்பு போதவில்லை என்று மகன் உயிரை எடுத்ததால் பறக்கவிட்டுப் பார்க்க நேரமில்லை.

பாய் வந்து உட்கார்ந்தார். விமானம் மின்னிக்கொண்டே ஓடியது, கிளம்பியது. மகன் பெருமையாக ஜியைத் தட்டினார்.

விமானம் மொத்தமாக மடங்கியது. மூக்கு தரையைப் பார்க்க, வால் வானத்தைப் பார்க்க, கவிழ்ந்த நிலையிலேயே மேலே மேலே ஏறிப் போனது. மறுபடி தட்டினார். நிமிர்ந்தது. மறுபடி தட்டினார். தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும் மாடு போலக் குனிந்தது.

பாய் சவூதிக்கு விமானத்தில் போய் வந்தவர். "இந்த மாதிரி ஏரோப்ளேன்ல நான் போனதில்லையே டீச்சரம்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாம் உங்கள் மகன் செய்த வேலை என்று மகனை வைத்துக்கொண்டே சொன்னேன். பழைய விமானத்தைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். சக்கரங்கள் ஒழுங்காக உள்ளே போயின. பாய் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கரி பிடித்த சட்டி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புது விமானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது எவர்சில்வர் கணக்கா இருக்கு. அந்த எழுத்தை இன்னொருக்கா அமுக்குடா."

மகன் அமுக்க அமுக்க, பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குடோனுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் கீழே வந்துவிட வேண்டுமாம்.

கல்லாவுக்குப் பக்கத்தில், இட்லிக் குண்டான்களுக்கு நடுவில் அதை வைத்தார்கள். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸேறிக் குடம் வாங்க வந்தவர்களெல்லாம் ஜியைத் தட்டி விமானத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. என் பெயரைச் சொல்லி வேறு கவிழ்த்தார்கள், மாடி டீச்சர் செய்த ப்ளேன் என்று.

தப்பு எங்கே என்று பிறகு பிடிபட்டது. சக்கரக் கால் மடங்கும்போது அதில் கோத்த உடம்பும் கூடவே மடங்கியிருக்கிறது. இந்தத் தடவை உடம்பை முதலில் வைத்து, சக்கரக் காலை அதில் கோத்தேன். அவ்வளவுதான் விஷயம். ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"சரி பண்ணிட்டேன் பாய். இனிமே சக்கரம் மட்டும்தான் மடங்கும்."

பாய் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதை நீங்க மேலயே வச்சுக்கங்க. சக்கரம் மடங்குறதைப் பாக்க எவன் என் கடைக்கு வருவான்?"

மேலே போனேன். ஒரு கம்ப்யூட்டர் குறைந்துவிட்டதால் வகுப்பில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பளபளப்பு யாருடைய யோசனை என்று நினைவிருக்கிறதா என்று மகன் கேட்டார். பாடம் நடக்கிறது, வெளியே போங்கள் என்றேன்.