சுவரைப் பார்த்து நில்லுங்கள்

பனச்சமூட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த அந்த அண்ணனின் சட்டைப்பையில் எப்போதும் பென்டிரைவ்கள் துருத்திக்கொண்டிருக்கும். யாரோ ஒரு வீட்டுக் கல்யாணப் படங்கள் ஊரார் செல்போன்களில் சுற்றியதிலிருந்து, எல்லார் வீடியோவையும் பாஸ்வேர்டு போட்டுக் கம்ப்யூட்டரில் பூட்டிவைத்தார். என் தங்கை கல்யாண வீடியோவும் அதில் இருந்தது.

பாஸ்வேர்டு அடிக்கும்போது கடையிலுள்ள அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும். நின்றதும், ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிச் சொல்லி அடிப்பார்.

"அண்ணே, இப்பிடிக் கத்துனா பூட்டி என்ன பிரயோசனம்?"

"சொல்லாம அடிச்சா தப்பாப் போவும் மக்கா. ஒருத்தரும் பாக்கப்பிடாது, அதாக்கும் முக்கியம்."

கடைசியாக நான் போனபோது பாதியில் மறந்துபோய் நின்றார். சுவரைப் பார்த்தபடியே முன்பின் தெரியாத ஒரு அக்கா அடுத்த எழுத்தை எடுத்துக்கொடுத்தார்.

"ஆ, அதுதான்" என்று அடித்தவர், பதறிப்போய்ச் சொன்னார்: "திரும்பிராதீங்க கேட்டீங்களா!"