பலாச்சுளைக்காகக் காத்திருந்த மாதங்கள்

என் மூத்த மகள் ஐப்பசி அடைமழையில் பிறந்தாள். அழமாட்டாள். பாலுக்குக்கூட நான்தான் எழுப்ப வேண்டும். இரண்டு வாய் குடித்ததும் திரும்பத் தூங்கிப்போவாள். வயலுக்குப் போய்த் திரும்பினால் போட்ட இடத்தில் போட்டபடி கிடப்பாள். சமத்துப் பிள்ளை என்று தெருவே சொன்னது. நாத்தனார் பிள்ளை வீறிட்டுக் கத்தும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கர்வம். அதை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தை மாதம், அவள் நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். எச்சில் ஒழுகியது. கைகால் சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன்.

"மசக்கையில எதுக்காச்சும் ஆசப்பட்டுத் திங்காம விட்டியா?"

விட்டிருந்தேன். பலாச்சுளைக்கு ஏங்கினேன், வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சூடு என்று வீட்டில் தரவில்லை.

"அதான். ஒன் ஆசதான் பிள்ள நாக்குல வந்து நிக்கிது. பழம் வரட்டும், சுளையத் தடவு. தன்னால உள்ள போயிரும்."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. தை மாதத்தில் பலாவுக்கு எங்கே போவது? காத்திருந்தோம். வைகாசியில் என் வீட்டுக்காரர் கீரமங்கலம் சந்தையிலிருந்து முழுப்பழத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். சுளையைப் பிழிந்து நாக்கில் தடவினேன். அவள் சப்புக்கொட்டினாள், வீடே சிரித்தது. நாக்கு மட்டும் உள்ளே போகவில்லை. பழம் தீரும்வரை தினமும் தடவினேன், முட்டாள்.

இரண்டு வயதாகியும் அவள் உட்காரவில்லை. அதன் பிறகுதான் பஸ் ஏறிப் புதுக்கோட்டை டாக்டரிடம் போனோம். அவர் அவள் கழுத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"தொண்டையில ஒரு சுரப்பி இருக்கும்மா. பாப்பாவுக்கு அது வேலை செய்யல. மாத்திரை தர்றேன், நாள் தவறாம கொடுங்க. ஆனா பொறந்த ரெண்டு மூணு மாசத்துல வந்திருந்தா மூளை தப்பிச்சிருக்கும். ஏன் வரல?"

பலாப்பழத்துக்குக் காத்திருந்தோம் என்று எந்த வாயால் சொல்வது?

"பிள்ள அழவே இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மாத்திரை கேட்டது. நாக்கு உள்ளே போயிற்று, உடம்பில் சூடு ஏறியது, நான்கு வயதில் நடந்தாள். ஒருநாள் வாசலில் விழுந்து தொண்டை கிழிய அழுதாள். தூக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷம். ஆனால் புத்தி தேறவில்லை. உயரமும் பாதியில் நின்றுவிட்டது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இது எதுக்கு ஆத்தா?"

"நீ வளர்றதுக்குத்தான்."

"வளந்துட்டேனா?"

தண்ணீர்ச் செம்பை அவளிடம் நீட்டினேன்.

"வளந்துட்டடி" என்றேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பியிடம் அதைச் சொல்ல ஓடினாள். அவளைவிட மூன்று வயது இளையவன் அவன். குனிந்து கேட்டான்.