ஆற்றங்கரைக் காற்று

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அண்ணனுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை தவழத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கல்லூரி விடுதியிலிருந்து அவள் திரும்பியபோது, அவளுடைய கட்டில் இருந்த இடத்தில் குழந்தையின் தொட்டில் நின்றது. "ஹால்ல படுத்துக்கோயேன், என்ன இப்போ?" என்றாள் அண்ணி. ஹாலில் ஏற்கெனவே அப்பாவும், அப்பாவின் இருமலும், அண்ணன் பார்க்கும் டிவியும் இருந்தன. ஒரு வாரம் படுத்துப் பார்த்தாள். எட்டாம் நாள், வேறு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

எந்த ஊர் என்பதுதான் கேள்வி. அப்பா பஸ் டிரைவர். நாட்டின் முக்கால்வாசி ஊர்களுக்கும் போயிருக்கிறார், ஒன்றையும் பார்த்ததில்லை. "ஒரு ஊரு எப்படின்னு தெரியணும்னா பஸ் ஸ்டாண்டு கக்கூஸைப் பாரு, போதும்" என்பார். அந்தக் கணக்குப்படி மனுஷன் வாழத் தகுந்த ஊரே பூமியில் கிடையாது என்பாள் அம்மா. தலைநகரத்துக்குப் போயிருந்த கல்லூரித் தோழியிடம் கேட்டாள். "பாதிச் சம்பளம் வாடகைக்கு, மீதிப் பாதி பஸ்சுக்கு. சாப்பிடறதுக்கு இன்னும் எங்கப்பாகிட்டதான்டி கை நீட்டறேன்" என்றாள் அவள். துறைமுக நகரத்தில் வேலை இருந்தது, தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை.

கடைசியில் ஒரு நாள் போனில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. படிப்பு முடித்தவர்கள் கையைக் கடிக்காமல் குடியேறத் தகுந்த ஊர்களைப் பற்றியது. மூன்றாவதாக வந்த ஊருக்கு ஒரு படம்: பாலம், பாலத்தின் மேல் மாலை வெயில், வெயிலில் சிரித்தபடி நடக்கும் நாலு பேர். கீழே எழுதியிருந்தது: 'ஆற்றங்கரைக் காற்று. இளமை ததும்பும் தெருக்கள். கைக்கு அடக்கமான வாடகை.' சின்னவள் அந்த வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பாள். ஆற்றங்கரையில் காலையில் நடப்பது போலவும், தனக்கென்று ஒரு ஜன்னல் இருப்பது போலவும் மனத்துக்குள் குடித்தனமே நடத்திவிட்டாள். அண்ணன் முணுமுணுத்தான். அம்மா அழுதாள். சின்னவள் பஸ் ஏறினாள்.

இறங்கிய உடனே அப்பாவின் சோதனையைச் செய்து பார்க்க வேண்டியதாயிற்று, வேறு வழியில்லாமல். உள்ளே போனவள் மூச்சை அடக்கிக்கொண்டே வெளியே வந்தாள். சரி, பஸ் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஆற்றைத் தேடிப் போனாள்.

ஆறு இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. சாயப்பட்டறைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து, கறுப்பும் ஊதாவுமாக நகர மனமில்லாமல் கிடந்தது. மேலே சோப்பு நுரை மாதிரி ஒன்று மிதந்தது. நுரையில் ஒரு செருப்பும், வயிறு உப்பிய நாய் ஒன்றும். காற்றும் அடித்தது. அது மூக்கில் நுழைந்து தொண்டையில் இறங்கி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பாலத்தின் மேல் போகிறவர்கள் எல்லோரும் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார்கள். அந்தப் படத்தில் மட்டும் எப்படி ஒருவரும் மூடவில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. குமட்டலை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அதே கட்டுரையில் சொல்லியிருந்த பெண்கள் விடுதிக்குத்தான் முன்பணம் அனுப்பியிருந்தாள். விடுதியை நடத்திய அம்மாளை எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஜாதி. ஒரு பெரிய கூடத்தைப் பிளைவுட் பலகையால் ஆறாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரூம் என்று பெயர் வைத்திருந்தாள். சின்னவளின் ரூமில் இரண்டு கட்டில். ஜன்னல் பக்கத்து ரூமுக்குப் போய்விட்டது. தலையணை உறையைக் கழற்றியதும் உள்ளே மஞ்சளும் பழுப்புமாக, யார் யாருடையதோ எண்ணெயும் எச்சிலும் வியர்வையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தது. நடுவில் நீளமான நரைமுடி ஒன்று.

"ஆன்ட்டி, தலையணையை மாத்திக் குடுக்க முடியுமா?"

"இப்பத்தானே உறை மாத்தினேன்? அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுப் படும்மா. எல்லாரும் அப்படித்தான் படுக்கறாங்க."

மற்றக் கட்டிலில் இருந்த நர்ஸ் அக்கா சிரித்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை, முப்பது வயது, கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறவள். "அந்தப் பக்கம் இதைவிட மோசம். நான் பார்த்துட்டேன்" என்று தன்னிடமிருந்த பழைய துண்டைச் சுருட்டிக் கொடுத்தாள். "தலைக்கு வெச்சுக்கோ. குளிக்கப் போறப்ப செருப்பைக் கழட்டாதே. கதவைக் கையால தொடாதே, காலால தள்ளு."

குளியலறையைப் பார்த்த பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. பன்னிரண்டு பெண்களின் முடி ஒன்றாகத் திரண்டு நீர் போகும் துளையை அடைத்திருந்தது. சோப்பு நீர் கணுக்கால்வரை நின்றது. குழாயைத் திறந்தால் முதலில் துருவும், பிறகு ஆற்றின் வாடையும், அதற்கும் பிறகுதான் தண்ணீரும் வந்தன. அன்றைக்கு அவள் குளித்தாளா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. வெளியே வந்தபோது, உள்ளே போனபோது இருந்ததைவிட அழுக்காகிவிட்டதாக உணர்ந்தாள். வீட்டுக்குப் போன் செய்து, "நல்லாத்தான்மா இருக்கு. ஆறெல்லாம் இருக்கு" என்றாள்.

வேலை மட்டும் சீக்கிரம் கிடைத்தது. இணையத்துக்குக் கட்டுரை எழுதித் தரும் கம்பெனி. போன் உறை விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, பத்துப் பேர், ஒரு ஏசி. கண்ணால் காணாத ஃபிரிட்ஜைப் பற்றியும் காலில் போடாத ஷூவைப் பற்றியும் 'நான் ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன்' என்று எழுத வேண்டும். டீம் லீடர் நாற்பது வயதுக்காரர். ஓயாமல் நகம் கடிப்பார். கடித்த துண்டுகளைத் துப்பாமல் எடுத்து, மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை நகம் என்றுதான் சொன்னார்கள். அவர் எழுந்து வந்து சின்னவளின் கீபோர்டைத் தொட்டால், அவர் போனதும் அவள் அதை ஈரத் துணியால் துடைப்பாள்.

ஒரு மத்தியானம் பேச்சுவாக்கில் நகம் கேட்டார்: "ஆமா, இத்தனை ஊர் இருக்கே, இங்க ஏம்மா வந்த?"

சின்னவள் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். ஆற்றங்கரைக் காற்று என்று அவள் தொடங்கியதுமே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அது நான் எழுதினதும்மா! நம்ம ஆபீஸ் சரக்கு!"

"சார், நீங்க இந்த ஊர்லதானே இருக்கீங்க? ஆத்துப் பக்கம் போனதே இல்லையா?"

"மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தினம் பாலத்தைத் தாண்டறேன்."

"அப்புறம் எப்படி சார் அப்படி எழுதினீங்க?"

"காத்துன்னு எழுதினேன். நல்ல காத்துன்னா எழுதினேன்?" என்று சொல்லி, ஒரு நகத்துண்டை வரிசையில் சேர்த்தார். விடுதி ஆன்ட்டியைப் போல நாலைந்து பேர் காசு கொடுத்து எழுதச் சொன்னார்களாம். அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தப்புச் செய்தவனின் முகம் எப்படி இருக்கும் என்று சின்னவளுக்கு ஓர் எண்ணம் உண்டு. அது எதுவும் இந்த முகத்தில் இல்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சாக்கடையாவது தன்னைச் சாக்கடை என்று ஒத்துக்கொள்கிறது என்று நினைத்தாள்.

அடுத்த மாதம், இந்த வருஷத்துக் கட்டுரையை எழுதும் வேலை அவளிடமே வந்தது. சின்னவள் உட்கார்ந்து உண்மையை எழுதினாள். ஆற்றின் நிறம், குழாய்த் தண்ணீர், பலகை ரூம், முடி அடைத்த துளை, ஒன்றையும் விடவில்லை. எழுத எழுதக் கை வேகமாக ஓடியது. வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

நகம் படித்துவிட்டுக் கேட்டார்: "இது கட்டுரையா, போலீஸ் கம்ப்ளெயின்ட்டா?" அவள் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் அழித்து, பழைய கட்டுரையைக் கொண்டுவந்து ஒட்டி, அங்கங்கே இரண்டு சொல்லை மாற்றினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உன் போட்டோவைப் போடலாம்னு இருக்கேன். படிச்ச பொண்ணு, இங்க வந்து நிம்மதியா இருக்கான்னா நாலு பேர் நம்புவாங்க. உன்னைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி மேலயும் பேசியிருக்கேன். என்ன சொல்றே?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். கண் முன்னால் அந்த ஹால் வந்தது. டிவி சத்தம், அப்பாவின் இருமல், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அண்ணன் சொல்லப் போவது. வாயை மூடிக்கொண்டாள். தலை மட்டும் ஆடியது.

கட்டுரை வெளிவந்த அன்று அம்மா போன் செய்து, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னாள். சின்னவள் போய் முகத்தை மூன்று தடவை கழுவினாள், அந்தத் துருத் தண்ணீரிலேயே.

அது நடந்து சில வாரம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். அப்பாவின் ஒரு கையில் பெட்டி, மறு கையில் விலைச்சீட்டு கிழிக்காத புது வாளி. மாடிப்படியில் நின்ற சின்னவளைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அக்கா! நீங்கதானே அது? அப்பா, அந்த அக்காப்பா!"

அந்த மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "உன்னைப் பார்த்ததும்தான்மா நிம்மதியாச்சு. எந்த ஊருக்கு அனுப்பறதுன்னு கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு. உன் முகத்தைப் பார்த்துத்தான் சரின்னு சொன்னேன்."

ஆன்ட்டி பின்னால் நின்றுகொண்டு சின்னவளைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு தன் மேல் ஒட்டிக்கொண்டதைப் போல இருந்தது சின்னவளுக்கு. தலையணையையும் குளியலறையையும் பார்த்தபோது வராத ஓங்கரிப்பு அப்போது வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்றாள்.

குளியலறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒதுக்கியிருந்த ரூமுக்குப் போய்த் தலையணை உறையை உருவி அந்த அப்பாவின் முன்னால் போட்டாள். "அந்தக் கட்டுரை பொய்ங்க. நான் இங்க நிம்மதியா இல்லை. போட்டோவுக்குத் தலையாட்டினேன், வேலை போயிடும்னு. இதான் நிஜம்."

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று ஆன்ட்டி கத்தினாள். "இன்னிக்கே காலி பண்ணு! தின்ன வீட்டுக்கு ரெண்டகம் பண்றியே!"

அந்தப் பெண் சின்னவளைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. செருப்பில் ஒட்டிக்கொண்ட எதையோ பார்ப்பதைப் போல. அவள் அப்பா தலையணையைக் குனிந்து பார்த்தார், வாளியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் தளர்ந்த குரலில் கேட்டார்: "மூணு மாச வாடகை முன்கூட்டியே கட்டிட்டேனேம்மா. திருப்பித் தருவாங்களா?"

"ஒரு பைசா தர மாட்டேன்" என்றாள் ஆன்ட்டி.

அவர் ஆன்ட்டியிடம் கெஞ்சிப் பார்த்தார். பிறகு, அந்தப் பெண்ணே பெட்டியை இழுத்துக்கொண்டு ரூமுக்குள் போனாள். வாளியும் போயிற்று. உண்மையைச் சொல்லிவிட்டால் ஏதாவது நடக்கும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் உண்மை கொஞ்சம் தாமதமாக வந்த உண்மை.

அன்று மாலையே அவளுடைய பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை நகத்திடம் போய், வேலையை விடுவதாகச் சொல்லி, கட்டுரையிலிருந்து போட்டோவை எடுத்துவிடும்படி கேட்டாள். "நீ போனதும் எடுத்துடறேன்" என்றார், விரலை வாயிலிருந்து எடுக்காமல். எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்து அதே முகம் ஒரு வாட்டர் ஃபில்டர் கட்டுரையில், 'குடும்பத்தோடு பயன்படுத்தி வருகிறேன்' என்று சிரித்தது. கல்யாணமே ஆகாதவளுக்குக் குடும்பமும் கொடுத்துவிட்டார்கள்.

விடுதியை விட்டதும் நர்ஸ் அக்காதான் அவளை அழைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு வேறொரு சின்ன ஊரில், அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. எந்தக் கட்டுரையிலும் வராத ஊர். வர என்ன இருக்கிறது? ஒரு கடைத்தெரு, ஒரு சிமென்ட் கிடங்கு, ஏழு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. இரண்டு பேரும் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு ரூம் பிடித்தார்கள். சின்னவள் கிடங்கில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். தலைமுடியெல்லாம் சிமென்ட் தூசி. படித்த படிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சம்பளமும் கம்மிதான். ஆனால் மூட்டை என்று எழுதினால் அங்கே மூட்டை இருந்தது. அம்மாவிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்கு அம்மா, "நான் தெருவெல்லாம் காட்டிட்டேனேடி" என்றாள்.

விடுதியை விட்டு வந்த அன்றைக்கே சின்னவள் தன் நம்பரை எழுதி, புது வாளியோடு வந்த அந்தப் பெண்ணின் ரூம் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தாள். கூப்பிடுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த மூன்று மாத வாடகை தீர்ந்த வாரத்தில் போன் வந்தது. அக்கா என்ற சொல்லே இல்லை.

"நீங்க இப்போ இருக்கற ஊர்ல வேலை ஏதாவது இருக்குமா?"

"கிடங்குல ஒரு ஆள் தேவைப்படுது. நேர்ல வந்து பாரு. பார்த்துட்டு முடிவு பண்ணு."

வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாள். தலையணை உறையைக் கழற்றினாள். கட்டிலைத் தள்ளி அடியில் எட்டிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, நெஞ்சு நிறைய ஒரு தடவை மூச்சு இழுத்தாள். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்லா இருக்கும் என்றோ, பழகிடும் என்றோ.

"இந்த ஊரைப் பத்தி எங்கயாவது எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்லை."

"அப்போ சரி" என்று அவள் தன் பையைக் கட்டிலின் மேல் வைத்தாள்.